தில்லியில் வளரும் பிள்ளைகளின் உடலும் மனமும்: தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், எங்கள் வீட்டு அரிசி டப்பா வழக்கத்துக்கு முன்பே காலியானது. விருந்தினர் யாரும் வரவில்லை. உலையில் போட்டதும் அதே அளவுதான். ஒரு நாள் மாலை சமையலறைக்குள் நுழைந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகள் டப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பச்சரிசியைப் பிடி பிடியாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். மடியில் புவியியல் புத்தகம். சின்ன வயதில் நானும் அரிசி தின்றவள்தான் என்பதால் இரண்டு அதட்டலோடு விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, மயூர் விஹார் மெட்ரோ நிலையத்தின் படிக்கட்டில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

மருத்துவர் அவளுடைய கீழ் இமையைக் கட்டைவிரலால் மெல்ல இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளிறிக் கிடந்தது. "அரிசி, மண், சாக்பீஸ், ஐஸ்கட்டி ஏதாவது தின்கிறாளா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9.

ஊரில் இருந்திருந்தால் என் அம்மா இதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருப்பார். அங்கே ஒரு பிள்ளையை நாலு வீடு பார்க்கும். "என்னடி, முகம் வெளுத்துக் கிடக்கிறது?" என்று எதிர்வீட்டு அத்தை கேட்பார். கணவனும் மனைவியும் வேலைக்குப் போக, பிள்ளையே பூட்டைத் திறந்து உள்ளே வரும் தில்லி வீட்டில் அந்தக் கண்கள் கிடையாது. ஆகவே இங்கே கவனிப்பதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டு, முறைப்படி செய்ய வேண்டியிருக்கிறது. 18 ஆண்டு தில்லி வாழ்க்கையில், இரண்டு பிள்ளைகளை வளர்த்ததில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். ஆறு வயது முதல் பதினெட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு இது பொருந்தும்.

முதல் படி: ஒரு நோட்டு போடுங்கள்

மதிப்பெண்ணுக்குப் பள்ளி ஒரு அட்டை தருகிறது. உடம்புக்கு நாமே ஒன்று வைத்துக்கொள்ள வேண்டும். 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் ரத்த வகை, ஒவ்வாத மருந்து, போட்ட தடுப்பூசிகளின் தேதி. அடுத்த பக்கத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயரமும் எடையும்.

உயரத்தைச் சரியாக அளக்க ஒரு வழி: செருப்பில்லாமல், குதிகால் சுவரைத் தொடும்படி பிள்ளையை நிற்க வையுங்கள். தடிமனான புத்தகத்தைத் தலைமேல் மட்டமாக வைத்து, அதன் அடிப்பக்கம் சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். நாலு வயதுக்கும் பூப்பெய்தும் பருவத்துக்கும் இடையில் பிள்ளைகள் ஆண்டுக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வார்கள். ஓராண்டில் 4 சென்டிமீட்டர்கூட வளரவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைப் பிள்ளையின் காதுபடப் பேச வேண்டாம். அண்ணன், தங்கையோடு ஒப்பிடவும் வேண்டாம். குண்டு, ஒல்லி என்று வீட்டில் விழும் சொல், பதின்ம வயதில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடும் கையாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

இவற்றோடு தலைவலி வந்த நாள், மூச்சு வாங்கிய நாள், மாதவிலக்குத் தேதி, சரியாகத் தூங்காத இரவு எல்லாவற்றையும் ஒரு வரியில் குறித்துவையுங்கள். எந்த மருத்துவரும் "எப்போதிலிருந்து?" என்று கேட்பார். அதற்கு விடை நோட்டில் இருக்கும்.

தில்லிக்குப் புதிதாக வந்தவர்கள் அதே நோட்டின் பின்பக்கத்தில் சில ஹிந்திச் சொற்களையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள்: உல்டி என்றால் வாந்தி, தஸ்த் என்றால் பேதி, சக்கர் என்றால் தலைச்சுற்றல், குஜ்லி என்றால் அரிப்பு. திருநெல்வேலியிலிருந்து எங்கள் குடியிருப்புக்கு வந்த ஒரு பெண்ணுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. "புகார் ஹை" என்றார்களாம். மகன்மேல் ஏதோ புகார் என்று நினைத்து, மாலையில் விசாரிக்கலாம் என்று இருந்துவிட்டார். ஹிந்தியில் அது காய்ச்சல். பையன் மூன்று மணி நேரம் காய்ச்சலோடு பள்ளியில் படுத்திருந்தான்.

இரண்டாம் படி: பள்ளி பஸ்ஸிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்

6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வரை 8 முதல் 10 மணி நேரம். பஸ் 6:50க்கு என்றால் 5:45க்கு எழ வேண்டும். அப்படியானால் பத்து வயதுப் பிள்ளை இரவு 8:45க்குத் தூங்கியிருக்க வேண்டும், பதினைந்து வயதுப் பிள்ளை 9:45க்கு. இந்தக் கணக்கைச் சொன்னாலே பல வீடுகளில் சிரிப்பார்கள். அப்பா குருகிராமிலிருந்து மெட்ரோ மாறி வீடு வந்து சேரவே எட்டரை ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் சாப்பிடுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அந்தப் பழக்கத்தைத்தான் மாற்றினோம். பிள்ளைகளுக்கு 7:15க்கே சாப்பாடு போட்டுவிடுவோம். அப்பாவோடு பேசும் நேரம் காலையில் பஸ் நிறுத்தம் வரை நடக்கும் பத்து நிமிடமாக ஆனது. இரவுச் சாப்பாட்டில் கிடைக்காத பேச்சு அந்த நடையில் கிடைத்தது என்று கணவர் சொல்வார்.

பதின்ம வயதில் தூக்கம் வரும் நேரமே உடலியல்படி பின்னுக்குத் தள்ளிப்போகிறது. பத்தரைக்கு முன் தூக்கம் வரவில்லை என்று உங்கள் மகன் சொன்னால் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள். எட்டு மணிக்கு மேல் ட்யூஷன் வைக்காதீர்கள். மாலை 4 மணிக்குப் பிறகு ஃபில்டர் காபி கூடாது. ஞாயிற்றுக்கிழமை கூடுதலாகத் தூங்கலாம், ஒன்றரை மணி நேரத்துக்குள். இரவு ஒன்பதரைக்கு எல்லாருடைய போன்களும் கூடத்து அலமாரியில் சார்ஜுக்குப் போய்விட வேண்டும். எல்லாருடைய என்பதில் நம்முடையதும் சேர்த்தி. இல்லாவிட்டால் இந்த விதி ஒரு வாரம்கூட நிற்காது.

மூன்றாம் படி: டிபன் டப்பாவில் இரும்பு

2019–21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 31.1 விழுக்காட்டினருக்கும் ரத்தசோகை இருந்தது. என் மகள் அந்த 59இல் ஒருத்தி. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் 5 முதல் 11 வயது வரை 11.5 கிராமுக்கும், 12 முதல் 14 வரை 12 கிராமுக்கும் குறையக் கூடாது. 15 வயதுக்கு மேல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13. எளிதில் களைப்பு, படிப்பில் கவனம் சிதறுவது, எரிச்சல், அரிசியும் ஐஸும் தின்னும் ஆசை, வெளிறிய இமை ஆகியவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தாலே ரத்தம் பாருங்கள்.

சாப்பாட்டில் நாம் செய்யும் பெரிய தவறு காபியும் டீயும்தான். சாப்பாட்டோடு குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ள விடாது. ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவை இரும்பை உள்ளே ஏற்ற உதவும். குளிர்காலத்தில் தில்லியில் நெல்லிக்காய் கூடை கூடையாக வரும். ஊறுகாய் போட்டதுபோக, துருவித் தயிர்ப்பச்சடியாகவும் செய்யுங்கள்.

முருங்கைக்கீரைக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போக வேண்டும் என்று பலர் அலுத்துக்கொள்கிறார்கள். சுற்றிப் பார்த்தால் காலனிப் பூங்காவிலேயே மரம் நிற்கும். காய்க்காக வளர்ப்பார்கள், கீரையைத் தொடமாட்டார்கள். கேட்டால் கிளையோடு ஒடித்துத் தருவார்கள். இங்கே மார்கழி, தையில் தள்ளுவண்டியில் வரும் பத்துவா கீரையைப் பாசிப்பருப்போடு கூட்டு வைத்தால் நம் வீட்டுக் கூட்டின் ருசி அப்படியே வரும். கடைக்காரர் "பாஜ்ரா ஆட்டா" என்று தருவது நம் கம்பு மாவுதான். ஊரில் கோடையில் கூழாகக் குடிப்பதை இவர்கள் குளிரில் ரொட்டியாகச் சாப்பிடுகிறார்கள். என் மகளுக்குக் கம்பு தோசைதான் பிடித்தது: ஒரு பங்கு உளுந்துக்கு மூன்று பங்கு கம்பு மாவு, இரவு புளிக்கவைத்து. அசைவம் சாப்பிடும் வீடுகளில் வாரம் ஒரு முறை ஈரல் போதும். சுத்த சைவ வீடுகளில் பி12 குறையும். தயிர், பால், மோர் தினமும் இருக்கட்டும்.

இவ்வளவும் வருமுன் காக்கத்தான். ரத்தசோகை வந்துவிட்டால் கீரையால் மட்டும் தீராது, மாத்திரை வேண்டும். எல்லா ரத்தசோகையும் இரும்புக் குறைவால் வருவதும் இல்லை. காரணத்தை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மாத்திரை சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். ஹீமோகுளோபின் அளவு சரியானதும் நிறுத்திவிடாமல், உடம்பின் சேமிப்பு நிரம்ப இன்னும் இரண்டு மூன்று மாதம் தொடரச் சொல்வார்கள். அரசுப் பள்ளிகளில் 10 முதல் 19 வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்றாகத் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்லுங்கள். பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேசியக் குடற்புழு நீக்க நாள்களில் தரும் அல்பெண்டசோலையும் மறுக்காதீர்கள்.

டப்பா திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை. என் மகன் மூன்றாம் வகுப்பில் தயிர்சாதத்தைத் தொடாமல் கொண்டுவருவான். பக்கத்துப் பையன்கள் வாசனை என்று மூக்கைப் பிடித்தார்களாம். அவனைத் திட்டாமல், மறுநாள் ஆறு சின்ன இட்லிக்குப் பதில் பன்னிரண்டு வைத்து, மிளகாய்ப்பொடி எண்ணெயில் புரட்டி அனுப்பினேன். மூக்கைப் பிடித்தவர்களே கேட்டு வாங்கித் தின்றார்கள். அதன் பிறகு தயிர்சாதமும் நிம்மதியாக உள்ளே போனது.

சர்க்கரை பற்றிப் பாடம் நடத்தத் தேவையில்லை. 2025இல் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் சர்க்கரை விழிப்புணர்வுப் பலகை வைக்கச் சொன்னது. வீட்டில் ஒரு கோலா புட்டியின் பின்பக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லி, 300 மில்லியில் உள்ள ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரையை ஒரு தட்டில் அவன் கையாலேயே கொட்டச் சொல்லுங்கள். அது போதும்.

நான்காம் படி: காற்றைப் பார்த்து விளையாட்டு

5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் வியர்க்க ஓடியாட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சென்னையில் இருப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். நமக்கு தீபாவளிக்கு முன்பே புகை மூட்டம் தொடங்கிவிடுகிறது. நுண்துகளான பி.எம். 2.5 ஒரு நாளில் கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் அளவு. இந்தியத் தரநிலை 60. குளிர்கால தில்லி இரண்டையுமே பல நாள் தாண்டும். எடைக்கு எடை பார்த்தால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். ஓடும்போது இன்னும் அதிகம்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அருகிலுள்ள நிலையத்தின் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். எங்கள் வீட்டு விதி இது: 200 வரை வெளியே விளையாடலாம். 201 முதல் 300 வரை மதியத்துக்குப் பிறகு கொஞ்ச நேரம், ஓட்டப்பந்தயம் இல்லாமல். 300ஐத் தாண்டினால் வீட்டுக்குள். குளிரில் அதிகாலைக் காற்று தூய்மையானது என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. இரவில் நிலம் குளிர்ந்து, புகை தரையோடு தேங்கி நிற்கும். வெயில் ஏறிய பிறகுதான் கொஞ்சம் மேலெழும். அதிகாலைப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள் என்றால் குளிர் மாதங்களில் மட்டும் மாலை நேரம் கேளுங்கள்.

துணி முகக்கவசம் நுண்துகளைத் தடுக்காது. குழந்தைகள் அளவிலான என்95 வாங்குங்கள். பெரியவர்களுடையது கன்னத்தில் இடைவெளி விடும். அப்புறம், நாமே வீட்டுக்குள் போடும் புகை. சன்னலை அடைத்துவிட்டு வெள்ளிக்கிழமை சாம்பிராணியும், தினமும் ஊதுபத்தியும், இரவில் கொசுவர்த்திச் சுருளும் ஏற்றினால் வெளியே இருப்பது உள்ளேயும் வந்ததாகத்தான் பொருள். குளிர்காலம் முடியும்வரை விளக்கு மட்டும் ஏற்றுகிறேன். என் மாமியாருக்கு முதலில் மனமில்லை. பேரனின் இருமல் குறைந்ததும் அவரே சாம்பிராணிக் கரண்டியைப் பரணில் வைத்துவிட்டார்.

வீட்டுக்குள் அடைபடும் நாள்களில் கயிறு தாண்டுதல், சூரிய நமஸ்காரம், பாட்டுப் போட்டு ஆடுவது எல்லாமே கணக்கில் சேரும். இரவில் இருமல், ஓடினால் இருமல், மூச்சில் விசில் சத்தம் இருந்தால் ஆஸ்துமாவா என்று பாருங்கள். இன்ஹேலர் பழகிப்போகும், விட முடியாது என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். அது போதைப்பொருள் இல்லை. சிரப்பைவிட மிகக் குறைந்த அளவு மருந்தை நுரையீரலுக்கே நேராகக் கொண்டுசேர்ப்பது அது. இன்ஹேலரில் பொருத்தும் ஸ்பேசர் குழாய் வைத்து இழுக்கக் கற்றுக்கொடுங்கள்.

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரையிலும், மழைக்குப் பிந்தைய செப்டம்பரிலும் தில்லி வானம் திறக்கும். அந்த வாரங்களில் வீட்டுப்பாடம் காத்திருக்கட்டும். கண்ணுக்கும் அது நல்லது. தில்லிப் பள்ளிகளில் ஏறத்தாழ 10,000 பிள்ளைகளைப் பார்த்து எய்ம்ஸ் மருத்துவர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில் 13 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருந்தது. நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளிவெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அது வரும் வாய்ப்பு குறைவு. மர நிழல் வெளிச்சமும் போதும். ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை, இரவு படுக்கும் முன்னும் பல் துலக்குவது, உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாத புத்தகப் பை ஆகியவற்றையும் நோட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: ஊசியும் காய்ச்சலும்

கைக்குழந்தைக்கு ஊசி போட்டதோடு நாம் மறந்துவிடுகிறோம். 10 வயதிலும் 16 வயதிலும் டெட்டனஸ், டிப்தீரியாவைத் தடுக்கும் டிடி ஊசி உண்டு; அரசு மருத்துவமனைகளில் இலவசம். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசியை 9 வயதிலிருந்து போடலாம். 14 வயதுக்குள் என்றால் இரண்டு தவணை, 15க்கு மேல் மூன்று தவணை என்பது குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் முறை. "இந்த வயதில் இது எதற்கு?" என்று பாட்டிகள் கேட்பார்கள். கிருமி உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்று சொல்லுங்கள்.

ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை வரும் காய்ச்சலை டெங்குவாக இருக்கலாம் என்றே எண்ணி நடத்துங்கள். பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ப மருத்துவர் சொன்ன அளவில். ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் கூடாது. ரத்தக் கசிவைக் கூட்டும். டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகான இரண்டு நாள்தான் ஆபத்து. கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, பிள்ளை துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவோ பகலோ மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறாம் படி: வயதுக்கு வருவதற்கு முன்பே பேசுங்கள்

பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14க்குள்ளும் உடல் மாறத் தொடங்கும். ஆகவே பேச்சு ஒன்பது வயதில் தொடங்கட்டும். பள்ளிப் பையில் ஒரு சிறு பையில் நாப்கினும் மாற்று உள்ளாடையும் இருக்கட்டும். நாப்கினை நாலு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும். பள்ளிக் கழிவறைக்குப் போகப் பிடிக்காமல் காலை முதல் மாலை வரை ஒன்றையே வைத்திருக்கும் பிள்ளைகள் பலர். மாதவிலக்கு ஏழு நாளுக்கு மேல் போனாலும், மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலும், 15 வயதாகியும் வராவிட்டாலும் மருத்துவரைப் பாருங்கள். பையன்களுக்கும் அப்பாவோ மாமாவோ சொல்லட்டும்: குரல் உடைவது, தூக்கத்தில் விந்து வெளியாவது இயல்பு, நோயில்லை என்று. இதே பேச்சில், உடம்பை யார் எப்படித் தொட்டாலும் பிடிக்காவிட்டால் சொல்லலாம், தொட்டது உறவினராக இருந்தாலும் சொல்லலாம் என்பதும் சேர வேண்டும்.

மஞ்சள் நீராட்டு பற்றி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கருத்து உண்டு. என் கருத்து, அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும் என்பதே. வகுப்பில் அவளைத் தவிர யாருக்கும் அப்படி ஒரு விழா நடந்திருக்காது. என் மகள் பத்திரிகை, பந்தல் எதுவும் வேண்டாம் என்றாள். பாட்டி செய்யும் உளுந்தங்களி மட்டும் வேண்டுமென்றாள். அதுதான் நடந்தது.

ஏழாம் படி: எந்த மொழியில் சொன்னாலும் கேளுங்கள்

நம் பிள்ளைகள் சாப்பாட்டைத் தமிழிலும், சண்டையை ஹிந்தியிலும், பாடத்தை ஆங்கிலத்திலும் நினைக்கிறார்கள். மனம் உடையும்போது எது வாயில் வருகிறதோ அதில்தான் சொல்வார்கள். அந்த நேரத்தில் "தமிழில் சொல்" என்று திருத்தாதீர்கள். தமிழ் நாளைக்கும் இருக்கும். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்பதைவிட "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சோர்வு, நண்பர்களை ஒதுக்குவது, பிடித்த விளையாட்டை விடுவது, தூக்கமோ சாப்பாடோ தலைகீழாவது, பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி ஆகியவற்றைச் சேட்டை என்று தள்ளாதீர்கள். "சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பல பிள்ளைகள் யாராவது கேட்கட்டும் என்று காத்திருப்பார்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம்; தமிழிலும் பேசலாம். வீட்டிலோ வெளியிலோ துன்புறுத்தல் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

தேர்வு மாதங்களில் தூக்கமும் விளையாட்டும்தான் முதலில் வெட்டுப்படும். அவற்றைக் காப்பாற்றுவது உங்கள் வேலை. 2026 முதல் சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கு ஆண்டுக்கு இரண்டு பொதுத்தேர்வுகள்; மூன்று பாடங்கள் வரை மறுமுறை எழுதி மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளலாம். இதைப் பிள்ளைக்கு முன்னதாகவே சொல்லிவையுங்கள்.

எட்டாம் படி: நோட்டைக் கைமாற்றுங்கள்

பதினைந்து, பதினாறு வயதில் நோட்டைப் பிள்ளையிடமே கொடுத்துவிடுங்கள். மருத்துவரிடம் போனால் அவர்களே பேசட்டும். சிறிது நேரம் நீங்கள் வெளியே உட்காருங்கள். காய்ச்சல் பார்க்கவும், உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கவும், மருந்து அட்டையில் காலாவதித் தேதி படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். கல்லூரி விடுதியில் அவர்களுக்கு அவர்களே எதிர்வீட்டு அத்தை.

என் மகள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. போன மாதம் மேசையில் திறந்து கிடந்த நோட்டைப் பார்த்தேன். அவள் கையெழுத்தில் இருந்தது: "ஹீமோகுளோபின் 12.6. தூக்கம் ஆறரை மணி நேரம், போதாது. அம்மாவுக்கும் ரத்தம் பார்க்க வேண்டும்."